கல்யாண மித்திரர்: பள்ளிச் சிறாரைப் புகையிலையினின்று காக்கும் நட்பு

(பௌர்ணமி நாளன்று சங்க மண்டபத்தில் நிகழ்த்திய அறவுரை)





பகவான் புத்தருக்கு அணுக்கத் தொண்டராயிருந்த ஆனந்த தேரர் ஒருநாள் அவரை வணங்கி, நல்லோர் நட்பானது தூய வாழ்க்கையில் சரிபாதி என்று தமக்குத் தோன்றுவதாக விண்ணப்பித்தார். பெருமான் அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்ளவில்லை. பாதியன்று, தூய வாழ்க்கை முழுவதுமே அதுதான் என்று திருத்தியருளினார். நல்ல நண்பனைப் பெற்றவன் எண்வகை நன்னெறியைத் தன்னுள் வளர்த்துக்கொள்வான் என எதிர்பார்க்கலாம் என்பதே அதற்கு அவர் காட்டிய காரணம். சம்யுத்த நிகாயத்தில் காணப்படும் இந்நிகழ்ச்சியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அத்தகைய நண்பனைக் கல்யாண மித்திரன் என்று நம் நூல்கள் அழைக்கின்றன.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகளைப் புகையிலைப் பழக்கத்தினின்றும் காப்பது எங்ஙனம் என்பதாம். பௌர்ணமி நாளில், பெருமானுடைய திருவுருவின் முன்னிலையில், பீடியையும் சிகரெட்டையும் பற்றிப் பேசுவதா என்று பெரியவர் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் ஆனந்தருக்குப் பெருமான் கூறிய விடையின் பொருளை இவ்விஷயத்தைக் காட்டிலும் தெளிவாக விளக்கும் வேறொன்றை நான் கண்டதில்லை. ஆதலாற் பொறுமையுடன் செவிமடுக்குமாறு வேண்டுகிறேன்.

முதற்கண் ஒரு கேள்வி. புகையிலையை உபயோகிக்கும் ஒருவரை அணுகி, முதன்முதலில் அதனை உமக்குக் கொடுத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பகைவன் கொடுத்தான் என்று சொல்பவர் அரியர். உடன் படித்தவன், உடன் விளையாடியவன், பக்கத்து வீட்டு அண்ணன், மாமன் மகன் என்றே பெரும்பாலும் விடை வரும். முதற் புகை இனிப்பதில்லை. தொண்டை எரிகிறது, இருமல் வருகிறது, தலை சுற்றுகிறது. அவ்வாறிருந்தும் சிறுவன் இரண்டாம் முறை ஏன் இழுக்கிறான்? கொடுத்தவன் சிரிப்பானே என்ற அச்சம் ஒன்று. அவனைப் போல் தானும் பெரியவனாகிவிட வேண்டுமென்ற ஆசை மற்றொன்று. நட்பின் பெயராலேதான் இந்நஞ்சு கைமாறுகிறது.

அது கைமாறும் வயதைக் கேட்டால் நம் உள்ளம் நடுங்கும். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டில் நடந்த உலக இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பு, 13 முதல் 15 வயது வரையுள்ள மாணாக்கருள் நூற்றுக்கு 8.5 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையை உபயோகித்து வந்ததாகக் கண்டது. அதனினும் கொடியது பிறிதொரு கணக்கு. சிகரெட்டுப் பிடித்த மாணாக்கருள் நூற்றுக்கு 38 பேரும், பீடி பிடித்தோருள் 47 பேரும், வாயில் அடக்கும் புகையிலையை உபயோகித்தோருள் 52 பேரும், தத்தம் பத்தாம் பிறந்தநாளுக்கு முன்னரே அதனைத் தொடங்கியவர்கள். பத்து வயது நிரம்பாத குழந்தைக்கு வாழ்க்கையைப் பற்றி என்ன தெரியும்? தோழனைத் தெரியும், அவன் கையைத் தெரியும்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் புகையிலையினால் மாள்கின்றன. புகையிலுள்ள நிக்கோட்டின் என்னும் பொருள், உள்ளிழுத்த சில வினாடிகளுக்குள் மூளையைச் சென்றடைகிறது. மனிதனுடைய மூளையோ இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பது. அவ்வளர்ச்சி முற்றுப்பெறாத பருவத்தில் நிக்கோட்டினுக்கு இடங்கொடுத்தவன், முதிர்ந்த வயதில் தொடங்கியவனைக் காட்டிலும் விரைவில் அதற்கு அடிமையாகிறான். விடுவதும் அவனுக்குக் கடினமாகிறது.

தங்கவயலைச் சேர்ந்த நமக்கு இதிலே தனிப்பட்ட ஒரு வேதனையும் உண்டு. 2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்படும் வரையில், நம் பாட்டன்மார் பூமிக்கடியிற் பாறையை உடைத்து, அதன் தூசியைச் சுவாசித்து, அதனால் நுரையீரல் கெட்டு இருமி இருமி மாண்டதை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் விரும்பியா அத்தூசியை உட்கொண்டார்கள்? வயிற்றுப் பிழைப்பு அவர்களை உள்ளே இறக்கியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ காசு கொடுத்துப் புகையை வாங்கித் தங்கள் நெஞ்சில் நிரப்பிக்கொள்கிறார்கள். இதனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது தகுமா?

நிற்க. இங்கே இளைஞர் சிலர் என்னிடம் தொடுத்த இரண்டு வினாக்களுக்கு விடை கூறிவிட்டு மேலே செல்கிறேன்.

ஐந்தாம் சீலம் மயக்கந்தரும் மதுவகைகளைத்தானே விலக்குகிறது, அதிற் புகையிலை எங்கே இருக்கிறது என்பது முதல் வினா. நேர்மையான வினா, நேர்மையாகவே விடை கூற வேண்டும். பெருமான் காலத்தில் பாரதத்தில் புகையிலை இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது, 1492-இல் கொலம்பஸ் அங்கு சென்றபின் ஐரோப்பியர் கைக்கு வந்து, பின்னர்ப் போர்ச்சுகீசியர் வாயிலாக நம் நாட்டை அடைந்தது. ஆகவே சீலத்தின் சொற்களில் அதனைத் தேடுவது வீண். சீலம் கூறும் காரணத்தை நோக்குங்கள். அசட்டைக்கு இடமாகும் பொருளை விலக்குக என்பதே அக்காரணம். பாலியில் அதனைப் பமாதம் என்பர். பாடவேளையிற் கரும்பலகையைப் பார்க்கும் கண்ணோடு, மணி எப்போது அடிக்கும், கடைக்கு எப்போது ஓடலாம் என்று ஏங்கும் மனமுடையவன் விழிப்புடையவனா? 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் லட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளை அளித்தபோது, மதுவை விலக்குதலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். அடிமைத்தளையை அறுத்தெறிந்து வந்த மக்கள் மற்றொரு தளையைத் தாமே எடுத்துப் பூட்டிக்கொள்ளலாகாது என்ற கருத்து புகையிலைக்கும் பொருந்துமன்றோ?

பெருமானே பிக்குகளுக்குப் புகைபிடிக்க அனுமதி தந்திருக்கிறாரே என்பது இரண்டாம் வினா. இதனைக் கேட்ட மாணவன் விநய நூலைப் பற்றி எங்கோ படித்திருக்கிறான், அவனைப் பாராட்டுகிறேன். மகாவர்க்கத்தில் மருந்துகளைப் பற்றிய பகுதியில், பிலிந்தவச்சர் என்னும் தேரருக்குத் தலைநோய் கண்டபோது, எண்ணெய் தடவியும் மூக்கில் மருந்திட்டும் தீராமையால், மருந்துப் புகையை உள்ளிழுக்கவும், பின்னர் அதற்கென ஒரு குழலை வைத்துக்கொள்ளவும் பெருமான் இசைந்தார் என்பது உண்மையே. கதை அத்துடன் முடியவில்லை. அறுவர் கூட்டத்துப் பிக்குகள் என்று பெயர் பெற்ற அடங்காத சிலர், பொன்னாலும் வெள்ளியாலும் ஆன அழகிய குழல்களைச் செய்துகொண்டு திரிந்தனர். அதனைக் கண்டு இல்லறத்தார் பழித்தனர். உடனே பெருமான் அத்தகைய குழல்களைத் தடுத்து, மூங்கில், எலும்பு போன்ற எளிய பொருள்களால் ஆனவற்றையே அனுமதித்தார். நோயாளிக்குரிய மருந்து, பகட்டாக மாறியபோது கண்டிக்கப்பட்டது. இன்று பள்ளிச் சுவரின் பின்னால் நின்று இரண்டு விரல்களுக்கிடையே சிகரெட்டைப் பிடித்திருக்கும் சிறுவன் பிலிந்தவச்சரைப் பின்பற்றுகிறானா, அவ்வறுவரைப் பின்பற்றுகிறானா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னாற் போதும், பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்று நானும் ஒருகாலத்தில் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை எவ்வாறு உடைந்தது என்பதை இச்சபையில் மறைக்காமற் சொல்வது என் கடமை.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தம்ம வகுப்புக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். பெயர் வேண்டா. ஒருநாள் வந்தனை முடிந்து அவன் நெற்றி தரையிற்பட வணங்கியபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு புகையிலைப் பொட்டலம் கீழே விழுந்தது. நான் அதனை எடுத்து உயர்த்திக் காட்டி, வாயிலே பஞ்சசீலம், பையிலே புகையிலையா என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவே கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நன்றாகச் சொன்னோம் என்ற மனநிறைவு எனக்கும் உண்டாயிற்று. அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றான். மறுவாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவன் இடம் ஏழு மாதம் வெறுமையாயிருந்தது.

அவனைத் தேடிச் சென்றவன் நானல்லேன். அவனுடன் படித்த மற்றொரு மாணவன். வகுப்பிற் கவனம் இல்லாதவன் என்று நான் பலமுறை கடிந்துகொண்டவன். அவன் நாள்தோறும் மாலையில் நண்பன் வீட்டுக்குச் சென்று, பந்தாட அழைத்துப் போனான். முதல் இரண்டு வாரம் புகையிலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அதன்பின் ஒருநாள், இன்றைக்கு எத்தனை போட்டாய் என்று மட்டும் கேட்டான். அவன் உள்ளதைச் சொன்னான். அப்பொழுதுதான் மற்றவையும் வெளிவந்தன. தந்தையும் தாயும் வேலைக்காக விடியற்கால இரயிலிற் பெங்களூருக்குப் போய் இரவிலே திரும்புவார்கள். பகலெல்லாம் வெறும் வீடு. தெருமுனையில் நிற்கும் பெரிய பையன்கள் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டதற்கு அடையாளமாகப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். அப்பிள்ளைக்கு வேண்டியிருந்தது புகையிலையன்று, கூட்டு. என் வகுப்பில் அவனுக்கு ஒரு கூட்டு இருந்தது. அதனையும் நான் பறித்துவிட்டேன்.

பின்னர் அந்த நண்பன் என்னிடம் வந்தான். “ஐயா, அவன் வகுப்புக்கு வர விரும்புகிறான். நீங்கள் ஒன்றும் கேட்காதிருந்தால் வருவான்” என்றான். நான் தலைகுனிந்தேன். இருவரும் வந்தார்கள். அந்தப் பிள்ளையிடம் தனியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவன் அன்றோடு அப்பழக்கத்தை அடியோடு விட்டான் என்று கதையை அழகுபடுத்திச் சொல்லமாட்டேன். சில மாதம் விட்டிருந்தான். பரீட்சைக் காலத்தில் மீண்டும் தொடங்கினான். நண்பன் மீண்டும் அவனோடு நடந்தான். இன்று அவன் பின்வரிசையில் அமர்ந்து என்னை ஏறிட்டுப் பார்க்கிறான் என்பதே எனக்குப் பெருஞ்செல்வம்.

அன்பர்களே! அந்தச் சிறுவன் செய்ததை ஆராய்ந்து பார்த்தபோது, அது நம் நூல்களிலேயே விதிக்கப்பட்டிருக்கக் கண்டு வியந்தேன். ஒருவன் மற்றொருவனுடைய குற்றத்தை எடுத்துக்காட்ட விரும்பினால், தன்னிடம் ஐந்து பண்புகளை நிலைநிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது. தக்க காலத்திற் பேசுதல்; உண்மையைப் பேசுதல்; மென்மையாகப் பேசுதல்; நன்மை பயப்பதைப் பேசுதல்; அன்புள்ளத்தோடு பேசுதல். நான் பேசியது உண்மை. அஃதொன்றுதான் என்னிடம் இருந்தது. காலம் தவறு, சொல் கடுமை, நன்மை விளையவில்லை, உள்ளத்தில் இருந்தது அன்பு என்றும் துணிந்து கூற இயலாது. ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உபதேசம் செய்தேன். அந்த மாணவனிடமோ ஐந்தும் இருந்தன.

சிகாலோவாத சூத்திரத்தில், நண்பர் போல் நடிப்போரையும் உண்மை நண்பரையும் பெருமான் வகுத்துக் காட்டுகிறார். குடியிலும் சூதிலும் வேளைகெட்ட ஊர்சுற்றலிலும் உடன் வருபவன், கேட்டுக்குத் துணைவன். உண்மை நண்பனுக்கு அவர் கூறும் இலக்கணங்களுள் ஒன்று, தோழன் அசட்டையாயிருக்கும்போது அவனைக் காத்தல். தோழன் விழிப்போடு இருக்கும்போது உடனிருப்பது எளிது. அவன் தன்னை மறந்திருக்கும் வேளையில் அவனுக்காக விழித்திருப்பதே கடினம். பள்ளியில் அவ்வேளை எது என்பதைத் தந்தையும் அறியார், ஆசிரியரும் அறியார். உடன் படிப்பவனே அறிவான். ஆதலாற்றான் பெரியவர்களாகிய நம்மால் இயலாத ஒன்று அவனால் இயல்கிறது.

இது நம் ஊரிற் கண்ட ஒரு நிகழ்ச்சி மட்டுமன்று. நாடுகள் பலவற்றில் அறிஞர்கள் இதனைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலும் மேற்கு இங்கிலாந்திலும் 59 பள்ளிகளைச் சேர்ந்த, 12, 13 வயதுடைய பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கரிடையே ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2008-இல் வெளியாயிற்று. அதில் வழிகாட்டும் மாணாக்கரை ஆசிரியர்கள் பொறுக்கவில்லை. நீங்கள் யாரை மதிக்கிறீர்கள், யார் சொன்னாற் கேட்பீர்கள் என்று மாணாக்கரையே வினவி, அவர்கள் மிகுதியாகக் குறித்த பெயர்களைத் தெரிந்தெடுத்தனர். அவர்களைப் பள்ளிக்கு வெளியே ஓரிடத்திற்கு அழைத்துச் சென்று இரண்டு நாள் பயிற்சி தந்தனர். பின்னர்ப் பத்து வாரம், மேடை ஏறாமல், சாப்பாட்டு வேளையிலும் விளையாட்டு வேளையிலும் வீடு திரும்பும் வழியிலும் அவர்கள் தங்கள் தோழரோடு இயல்பாக உரையாடினர். அத்தகைய பள்ளிகளில், ஈராண்டுக் காலத்தில் மாணாக்கர் புகைபிடிப்போராகும் வாய்ப்பு ஏனைய பள்ளிகளைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

நம் நாட்டிலும் டெல்லியிலும் சென்னையிலுமாக 32 பள்ளிகளில் 2004 முதல் 2006 வரை இத்தகைய முயற்சி ஒன்று நடைபெற்றது. ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பயின்றோர் அதிற் கலந்துகொண்டனர். தொடக்கத்திற் கணக்கெடுத்தபோதே வியப்பான செய்தி ஒன்று தெரிந்தது. எட்டாம் வகுப்பினருள் நூற்றுக்கு 9.3 பேர் எப்போதேனும் புகையிலையை உபயோகித்திருந்தனர். ஆறாம் வகுப்பினருள்ளோ 24.8 பேர். சிறியவர்களிடம்தான் ஆபத்து மிகுந்திருந்தது. அதன்பின் பாதிப் பள்ளிகளில் மாணவத் தலைவர்களே தங்கள் வகுப்புத் தோழரோடு கலந்துரையாடல்களை நடத்தினர், சுவரொட்டிகள் வைக்கப்பட்டன, பெற்றோருக்கு அஞ்சலட்டைகள் சென்றன. ஈராண்டு கழிந்தபோது, இம்முயற்சி நடைபெறாத பள்ளிகளிற் புகையிலை உபயோகம் நூற்றுக்கு 68 பங்கு பெருகியிருந்தது. நடைபெற்ற பள்ளிகளில் 17 பங்கு குறைந்திருந்தது. அத்திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘மைத்ரி’ என்று ஒலிக்கும். நாம் நாள்தோறும் தியானத்திற் பயிலும் மெத்தை என்னும் நேயத்திற்கு வடமொழியில் அதுவே பெயர். பெயரை இட்டவர்கள் எந்நோக்கத்தோடு இட்டிருப்பினும், பௌத்தராகிய நமக்கு அது ஓர் அழைப்பாகவே கேட்கிறது.

தமிழிலே நமக்குரிய பெருங்காப்பியமாகிய மணிமேகலையில் ஆதிரையின் கணவனாகிய சாதுவனை நினைவுகூருங்கள். கணிகையின் உறவாலும் சூதினாலும் பொருளையெல்லாம் இழந்தவன் அவன். பின்னர் வணிகரோடு கலமேறிச் சென்று, கலம் உடைந்து, முறிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கத்தில் ஒதுங்கினான். அவனைத் தின்னவந்த நாகர் ஏன் கொல்லாது விட்டனர்? அவன் அவர்களுடைய மொழியிற் பேசினான்; அதனால் விட்டனர். நாகர் தலைவன் கள்ளும் ஊனும் அளித்தபோது அவன் மறுத்தான். வினவியபோது காரணத்தை விளக்கினான். ஆயினும் எல்லாவற்றையும் இன்றே விட்டுவிடுங்கள் என்று அவன் கட்டளையிடவில்லை. கலம் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாதீர், மூத்து இறந்த விலங்கின் ஊனையன்றி வேறு ஊனை உண்ணாதீர் என்று, அவர்களால் ஏற்று நடக்கத்தக்க அளவிலே அறத்தைக் கூறினான். அவர்களும் ஏற்றனர். ஒருகால் தவறி விழுந்து எழுந்தவன், கேட்போருடைய மொழியை அறிந்தவன், தான் உறுதியாக நின்று பிறரைப் படிப்படியாக அழைத்துச் செல்பவன்: வழிகாட்டும் தோழனுக்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமோ?

இனி, நாம் செய்ய வேண்டுவது யாது? முதலிற் பெற்றோருக்குச் சொல்கிறேன். தமக்குப் பீடி வாங்கிவரப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் தந்தை, அப்பிள்ளைக்குக் கடைக்கு வழிகாட்டிவிட்டார். 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள் அவற்றை விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டன. மின் சிகரெட்டு 2019-இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கலாம். தந்தையின் கையிலுள்ள பீடியை யார் தடுப்பது? விட முயல்கின்ற தந்தை, தமது முயற்சியையும் தோல்வியையும் பிள்ளையிடம் மறைக்காமற் சொல்வாராயின், அதுவும் ஓர் உபதேசமே.

ஆசிரியர்களுக்கும் சங்கப் பெரியோருக்கும் சொல்கிறேன். வழிகாட்டும் மாணாக்கரை நாம் பொறுக்கப் புகுந்தால், நமக்குப் பணிந்தவர்களையே பொறுக்குவோம். அவர்கள் பேச்சைத் தோழர்கள் கேளார். மாணாக்கரே மறைவாக எழுதித் தரட்டும். குறும்புக்காரன் பெயர் வந்தால் அஞ்சாதீர்கள். தெரிந்தெடுத்த பின் அவர்களை ஒற்றர்களாக ஆக்காதீர்கள். இன்னான் புகைத்தான் என்று நம்மிடம் வந்து சொல்லும் கணத்திலே அவன் நண்பன் என்னும் நிலையை இழக்கிறான். நாம் அவனுக்குத் தரவேண்டுவன பயிற்சியும் ஆதரவுமே. புகையிலையின் தன்மை, குறுக்கிடாமற் கேட்கும் பழக்கம், கொடுக்கும் கையை நட்புக் கெடாமல் மறுக்கும் முறை ஆகியவற்றை அவன் கற்கட்டும். தோழனுடைய துயரம் தன்னாலே தாங்க முடியாததாயின், எந்தப் பெரியவரிடம் செல்லலாம் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழக்கம் முற்றியவனுக்கு நட்பு மட்டும் போதாது. மருத்துவரின் துணையும் தேவை. 1800-11-2356 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண் அதற்கெனவே இருக்கிறது. அதனை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி வையுங்கள்.

மாணவச் செல்வங்களே! இறுதியாக உங்களுக்குச் சொல்கிறேன். வழிகாட்டியாக நிற்பவன் உயர்ந்தவன், வழிகாட்டப்படுபவன் தாழ்ந்தவன் என்று எண்ணிவிடாதீர்கள். மழைக்கால முடிவில் பிக்குகள் பவாரணை என்றொரு சடங்கை நிகழ்த்துகிறார்கள். அதில் மூத்த தேரர் முதலாக ஒவ்வொருவரும், என்னிடம் குற்றம் ஏதேனும் கண்டிருந்தாலும் கேட்டிருந்தாலும் ஐயுற்றிருந்தாலும் அன்புகூர்ந்து எடுத்துச் சொல்லுங்கள் என்று சங்கத்தைக் கைகூப்பி வேண்டுகிறார். திருத்தப்படுவதற்கு இசைபவனுக்கே திருத்தும் உரிமை உண்டு. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் நீங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அண்ணன்மாராக, அக்காள்மாராக இருங்கள். அவர்களோடு விளையாடுங்கள்; தனித்து நிற்பவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கை பொட்டலத்தை நீட்டுவதற்கு முன்னர் உங்கள் கை அவன் தோளில் இருக்கட்டும்.

இந்தத் தங்கவயலுக்குத் தம்மம் எவ்வாறு வந்தது என்பதை உங்கள் பாட்டிமாரைக் கேளுங்கள். அரசர் படையெடுத்துக் கொண்டுவரவில்லை. சென்னை இராயப்பேட்டையிலே பண்டித அயோத்திதாசர் ஏற்றிய விளக்கை மாரிகுப்பத்துத் தொழிலாளர் பெற்று, உடன் உழைக்கும் தோழருக்குக் காட்டினர். வேலை முடிந்த களைப்பிலும் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்டு கூடினர். தோழன் கையிலிருந்து தோழன் கைக்கு வந்ததே நம் தம்மம். தீயதும் அவ்வழியேதான் வருகிறது. வழி ஒன்றே. அதில் எதனை எடுத்துச் செல்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

கூட்டம் முடிந்து செல்லும்போது நீங்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு தோழனை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவன் வகுப்புக்கு வராதவனாயிருக்கலாம், தெருமுனையில் நிற்பவனாயிருக்கலாம். நாளை மாலை அவன் வீட்டுக்குச் செல்லுங்கள். முதல் நாளே புகையிலையைப் பற்றிப் பேச வேண்டா. பந்தை எடுத்துச் செல்லுங்கள்.

மும்மணிகளின் அருளால் நம் பிள்ளைகள் நல்ல நட்பைப் பெறுவாராக. நல்ல நட்பாகத் தாமும் விளங்குவாராக.

சாது! சாது! சாது!